பித்தளை மறப்பதில்லை

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தை ஒரு புதிர் அலைக்கழித்தது. மழைக்காலம் முடிந்து தோட்டாப் பெட்டிகளைத் திறந்தால், ஒருமுறைகூடச் சுடப்படாத தோட்டாக்கள் விரிசல் விட்டுக் கிடந்தன. யாரும் தட்டவில்லை, கீழே போடவில்லை. குண்டைப் பித்தளைக் கூடு இறுக்கிப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில்தான் பெரும்பாலும் பிளவு. பருவந்தோறும் வந்ததால் அதற்குப் 'பருவ விரிசல்' என்றே பெயர் விழுந்தது.

1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் இதற்கு விடை எழுதினார்கள். மழை மாதங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரைச் சிறுநீர் சிதைந்து அம்மோனியா கிளம்பும். ஈரக் காற்றோடு சேர்ந்த அம்மோனியா, பித்தளையில் உள்ள செம்பைத் தாக்கும். ஆனால் கூடு முழுவதும் பட்டது ஒரே காற்றுதானே, கழுத்து மட்டும் ஏன் பிளந்தது? தொழிற்சாலையில் அந்தக் கழுத்தைச் சூடாக்காமலேயே நெருக்கிச் சுருக்கியிருந்தார்கள். நெருக்கிய அச்சை எடுத்த பிறகும் நெருக்கம் உலோகத்துக்குள் தங்கிவிட்டது. அந்த உள்ளிறுக்கமும் அம்மோனியாவும் ஈரமும் கூடிய இடத்தில், பித்தளையின் படிகமணிகளுக்கு நடுவே விரிசல் ஓடியது. வடிவமைத்த பின் பக்குவமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் இந்தத் தொல்லை அடங்கிவிடும் என்பதும் புரிந்தது.

தன் மீது விழுந்த ஒவ்வொரு அழுத்தத்தையும் பித்தளை உள்ளே வைத்துக்கொள்கிறது. இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டால், அமெரிக்க வேட்டைக்காரர்கள் தங்கள் கராஜ்களில் செய்யும் ஒரு நுட்பமான வேலை முழுவதும் விளங்கிவிடும். சுட்ட தோட்டாக்கூட்டைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து மறுபடி நிரப்பும் வேலை அது. அவர்கள் அதை 'ரீலோடிங்' என்கிறார்கள். அதற்கு வேண்டிய முக்கியக் கருவிகள் இரண்டு: கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் டை, அந்த டைக்குள் கூட்டைத் தள்ளும் பிரஸ்.

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. தோட்டா தயாரிக்க ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே இந்தத் தொழில் நம் ஊருக்குரியது அல்ல. ஆனால் இதற்குள் இருக்கும் உலோக அறிவியல் எல்லோருக்கும் உரியது.

சுடும் கணத்தில் நடப்பது

காரின் டயரில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 32 பவுண்டு அழுத்தத்தில் காற்று இருக்கும். 1952-ல் அறிமுகமாகி, இன்று அமெரிக்க மான் வேட்டையில் பரவலாகப் புழங்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அங்குள்ள தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. டயரைப் போல ஏறக்குறைய 2,000 மடங்கு. அதை ஒரு மெல்லிய பித்தளைக் கூடு தன் பக்கங்களில் வாங்கிக்கொள்கிறது.

கூடு தனியாக அதைத் தாங்கவில்லை. மருந்து எரிந்ததும் கூட்டின் பக்கச்சுவர் ஊதிப் பெருத்து, துப்பாக்கியின் எஃகு அறையில் போய் ஒட்டிக்கொள்கிறது. தாங்குவது எஃகு. பித்தளையின் வேலை, வாயு பின்பக்கமாகக் கசிந்து சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் அடைப்பது. ஓரிரு மில்லிநொடியில் குண்டு குழலைவிட்டு வெளியேறுகிறது, அழுத்தம் விழுகிறது. உடனே பித்தளை இம்மியளவு சுருங்கி எஃகை விட்டு விலகுகிறது. அந்த விலகல் இருப்பதால்தான் அறையின் பின்வாயை மூடியிருக்கும் போல்ட்டை இழுத்ததும் வெற்றுக்கூடு வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது.

நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இதற்கு ஏன் பொருந்துகிறது? ஒரே அளவு விசை கொடுத்தால் எஃகைவிடப் பித்தளை ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும், விட்டதும் அதே அளவு திரும்பும். ஊதும்போது எஃகோடு ஒட்டுகிற பித்தளை, திரும்பும்போது எஃகைவிட அதிகம் பின்வாங்குகிறது. மேலும் பித்தளையில் ஒரே துண்டை ஓரிடத்தில் கடினமாகவும் இன்னோரிடத்தில் மென்மையாகவும் வைத்திருக்கலாம். பாத்திரம் அடிப்பவர்களைக் கேட்டால் தெரியும்: தகட்டைத் தட்டத் தட்ட அது விறைக்கும், நெருப்பில் காட்டினால் மறுபடி இளகும். தோட்டாக்கூட்டின் அடிப்பகுதி தடிப்பாக, தட்டி இறுக்கியதாக இருக்கும். கழுத்து மெல்லியதாக, சூட்டில் இளக்கியதாக இருக்கும். சில புதிய கூடுகளின் கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு மங்கிய கறை தெரியும். அது அழுக்கு இல்லை, நெருப்பு தொட்ட அடையாளம்.

ஆனால் சுட்ட கூடு முழுதாகப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அது இப்போது தன்னைச் சுட்ட அந்த ஒரு துப்பாக்கியின் அறையை வார்த்தெடுத்தாற்போன்ற உருவம். கழுத்து அகன்றுவிட்டதால் புதிய குண்டு உள்ளே நிற்காமல் விழுந்துவிடும். ஆகவே அதை மறுபடி நெருக்க வேண்டும். எவ்வளவு நெருக்குவது என்பதில்தான் டையைத் தேர்ந்தெடுக்கும் கலை இருக்கிறது.

முதலில் டை

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பிரஸ்ஸைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கனமாக, பளபளப்பாக, மேசையில் கம்பீரமாக நிற்பது அதுதான். ஆனால் கூட்டின் உருவத்தைத் தீர்மானிப்பது டை. முறுக்கின் வடிவம் உரலில் இல்லை, அச்சுத் தட்டில்தான் இருக்கிறது.

டை என்பது உட்பக்கம் தோட்டாவின் வடிவத்தில் கடைந்த கடின எஃகுக் குழாய். வெளியே மரை வெட்டியிருக்கும். போல்ட்டைக் கையால் இயக்கும் துப்பாக்கிக்கு மூன்று வகை டைகளை எடைபோட வேண்டியிருக்கும்.

முதலாவது, முழுநீள டை. கூட்டின் உடல், உடல் கழுத்தாகக் குறுகும் தோள், கழுத்து மூன்றையும் நெருக்கும். இரண்டாவது, கழுத்து டை. உடலைத் தொடாமல் கழுத்தை மட்டும் சுருக்கும். மூன்றாவது, புஷ் வைத்த டை. கழுத்தைச் சுருக்கும் வளையத்தை ஆயிரத்தில் ஒரு அங்குலப் படிகளில் மாற்றிக்கொள்ளலாம். கழுத்தை எந்த அளவுக்குச் சுருக்குவது என்பதை உரிமையாளரே முடிவுசெய்யலாம்.

பித்தளை மறப்பதில்லை என்ற கண்ணோட்டத்தில் பார்த்தால் கழுத்து டைதான் சிறந்தது என்று தோன்றும். உடல் ஏற்கெனவே அந்தத் துப்பாக்கி அறைக்கு அச்சாகப் பொருந்தியிருக்கிறது, அதை ஏன் கலைக்க வேண்டும்? இலக்குப் பலகையில் சுடுபவர்கள் பலர் நெடுங்காலம் இதை நம்பினார்கள். வேட்டைக்காரருக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சுடச் சுடக் கூடு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, சில சுற்றுகளுக்குப் பிறகு அறைக்குள் நுழையும்போது முரண்டு பிடிக்கும். விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் வேட்டையாட அனுமதிக்கும் ஒன்பது நாட்கள் நவம்பர் கடைசியில் வருகின்றன. உறைபனிக் குளிரில், கையுறை போட்ட விரல்களோடு, அடிபட்ட மானுக்கு இரண்டாவது குண்டு உடனே வேண்டிய கணத்தில் போல்ட் மூடாமல் நின்றால், அந்த உயிர் தேவையில்லாமல் துடிக்கும். அப்படித் துடிக்கவிடாமல் இருப்பது வேட்டையாடுபவர் அந்த மிருகத்துக்குப் பட்டிருக்கும் கடன். ஆகவே வேட்டைத் தோட்டாவுக்கு முழுநீள டைதான் என் பரிந்துரை. ஒரு நிபந்தனையோடு: தேவையான அளவு மட்டும் நெருக்க வேண்டும்.

நெம்புகோல் துப்பாக்கிகளும் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கிகளும் வேறு கதை. கையால் போல்ட்டை அழுத்தி மூடும் வலு அவற்றுக்கு இல்லை. கூடு சற்று அதிகம் சுருங்கியிருக்க வேண்டும். அதற்கென்றே அடிப்பகுதியைக் கூடுதலாக நெருக்கும் டைகள் விற்கின்றன. 1895-ல் வந்த .30-30 போன்ற தோட்டாக்களை ஒன்றன் பின் ஒன்றாகக் குழாயில் அடுக்கும் துப்பாக்கியில், பின்னால் இருக்கும் தோட்டாக்களின் அழுத்தத்தில் குண்டு உள்ளே தள்ளப்படாமலிருக்கக் கூட்டின் வாயை மடித்து இறுக்கும் டையும் வேண்டும். அந்தக் குழாயில் ஒவ்வொரு குண்டின் முனையும் முன்னால் உள்ள தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருப்பதால், அவற்றுக்குத் தட்டை முனைக் குண்டுகளே வழக்கம்.

பத்து பாகை

தேவையான அளவு என்றால் எவ்வளவு? .308 துப்பாக்கியின் அறை நீளத்தைச் சோதிக்க இரண்டு எஃகு அளவுக்கட்டைகள் உண்டு. ஒன்றைப் போட்டால் போல்ட் மூட வேண்டும், மற்றதைப் போட்டால் மூடக் கூடாது. ஒன்று 1.630 அங்குலம், மற்றது 1.634 அங்குலம். இரண்டுக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சரி, தவறு இரண்டும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன.

டையை மிகத் தாழ இறக்கிவிட்டால், அது கூட்டின் தோளை அளவுக்கு மீறிப் பின்தள்ளும். அப்படிக் குட்டையான கூடு அறைக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் இருக்கும். சுடும்போது சுவரின் முன்பகுதி எஃகில் ஒட்டிக்கொள்ளும். தடித்த அடிப்பகுதி ஒட்டாமல், வாயு தள்ளுவதால் போல்ட்டை நோக்கிப் பின்னோக்கி ஓடும். ஒரு முனை பிடித்திருக்க மறுமுனை ஓடினால், நடுவில் இருக்கும் பித்தளை நீண்டுதானே ஆக வேண்டும்? அடிப்பகுதிக்குச் சற்று மேலே ஒரு வளையமாக அது மெலிகிறது. அடுத்த சுற்றில் டை மறுபடி தோளைப் பின்தள்ளும், மறுபடி நீளும். கம்பியை இங்கும் அங்கும் வளைத்து ஒடிப்பது போலத்தான். ஐந்தாறு முறையில் கூடு அந்த வளையத்தில் இரண்டாக அறுந்துவிடலாம்.

கையால் இயக்கும் போல்ட் துப்பாக்கிக்குத் தோள் 0.001 முதல் 0.002 அங்குலம் பின்வாங்கினால் போதும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. இதை டையின் திருகலாக மாற்றிப் பாருங்கள். இன்று பெரும்பாலான டைகளின் மரை முக்கால் அங்குலத்தைவிடச் சற்றே தடித்த 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்று சுற்றினால் டை 1.8 மில்லிமீட்டர் இறங்கும். 0.002 அங்குலம் இறக்க எவ்வளவு திருப்ப வேண்டும்? பத்து பாகை. கடிகாரத்தின் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகரும் தூரம்கூட இல்லை. "டை தட்டும்வரை இறக்கி, அதற்கு மேல் கால் சுற்று" என்று சொல்லிக்கொடுக்கும் பழைய வழக்கம், அந்தப் பத்து பாகையைப் போல ஒன்பது மடங்கு.

ஆகவே டையைப் போலவே முக்கியமானது அளவெடுக்கும் கருவி. சுட்ட கூட்டின் அடியிலிருந்து தோள்வரை உள்ள நீளத்தை வெர்னியர் காலிப்பரில் பொருத்தும் ஒரு சிறு துணைக்கருவியால் அளக்க வேண்டும். டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அந்த அளவு எங்கே குறையத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். குறைந்ததும் அங்கேயே பூட்டுவளையத்தை முறுக்கி நிறுத்திவிட வேண்டும்.

பிறகு பிரஸ்

டையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதற்கு உண்மையாக நடந்துகொள்ளும் பிரஸ் எது என்று கேட்கலாம். 1884-ல் ஜான் பார்லோ தொடங்கிய 'ஐடியல்' நிறுவனம் விற்ற கருவி, பாக்குவெட்டி போல இரு கைப்பிடி கொண்டது. குதிரைச் சேணப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். எருமை வேட்டை நடந்த சமவெளிகளில் முகாமிலேயே தோட்டா நிரப்பிய தலைமுறைக்கு அது பழகிய வகைக் கருவி. ஆனால் பாக்குவெட்டியின் பலம், முழுநீளக் கூட்டை நெருக்கப் போதாது.

1943-ல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹன்டிங்டன், 'ராக் சக்' எனப்படும் மலை அணிலினப் பிராணியை வேட்டையாடக் குண்டுகளை அச்சில் அழுத்திச் செய்யும் டைகளை உருவாக்கினார். அந்தக் கருவியின் பெயரின் நான்கு முதலெழுத்துகள்தான் இன்று ரீலோடிங் மேசைகளில் பரவலாகத் தெரியும் 'ஆர்சிபிஎஸ்'. அவர்களுடைய 'ராக் சக்கர்' பிரஸ்ஸின் பெயரும் அந்தப் பிராணியிடமிருந்து வந்ததுதான்.

இந்த வகைப் பிரஸ்ஸின் பலம் முழங்கால் தத்துவத்தில் இருக்கிறது. தலைச்சுமையோடு குந்தியிருந்து எழுந்து பாருங்கள். தொடக்கத்தில் தொடை நடுங்கும். கால் கிட்டத்தட்ட நிமிர்ந்ததும் அதே சுமை இலேசாகிவிடும். பிரஸ்ஸின் கைப்பிடியும் தண்டும் அப்படி மடங்கி நிமிரும் இரண்டு எலும்புகள். நிமிர நிமிர, கை தரும் விசை பல மடங்காகப் பெருகும். கூட்டைக் கடைசி அரை அங்குலம் தள்ளும்போதுதான் எதிர்ப்பு அதிகம். அங்கேயே பிரஸ்ஸின் வலுவும் உச்சத்தில் இருக்கும்.

கைப்பிடியை இழுக்கும்போது இதை விரலில் உணரலாம். முதல் பாதி வெறுமையாக வரும். உடல் டைக்குள் நுழைந்ததும் மெழுகைத் தள்ளுவது போல ஒரு சீரான கனம். முடிவில், எஃகு எஃகைத் தொடும் ஒரு மெல்லிய தட்டல். கைப்பிடியைத் திருப்பும்போது, கழுத்தை உள்ளிருந்து சரியான அளவுக்கு விரிக்கும் டையின் உருண்டை வெளியேறும் சிறு இழுப்பு. இந்த இழுப்பு கரகரவென்று இருந்தால் கவனியுங்கள்: கழுத்தின் உட்புறம் எண்ணெய் போதவில்லை. அந்த உருண்டை கழுத்தைக் கோணலாக இழுத்துக்கொண்டிருக்கலாம்.

சட்டகத்தின் வடிவமும் முக்கியம். ஒருபக்கம் திறந்த சி-வடிவச் சட்டகம், பலத்த விசையில் வாய் பிளப்பது போல மிக நுண்ணிய அளவில் விரியும். டை சாயும். மூடிய ஓ-வடிவச் சட்டகம் இருபக்கமும் விசையைப் பங்கிட்டுக்கொள்ளும். வார்ப்பிரும்பு அலுமினியத்தைவிட விறைப்பானது. பத்து பாகையை எண்ணிப் பார்த்தவருக்கு இந்த விறைப்பின் அருமை புரியும். சட்டகம் ஒரு கூட்டுக்கு ஒரு மாதிரியும் அடுத்ததற்கு வேறு மாதிரியும் வளைந்தால், மரையில் செய்த நுட்பம் வீண். இல்லினாயின் ஃபார்ஸ்டர் நிறுவனத்தின் 'கோ-ஆக்ஸ்' வேறு வழியில் போகிறது. டையையும் கூட்டையும் இறுகக் கட்டாமல் கொஞ்சம் நகரவிட்டு, இரண்டும் தாமாக ஒரே நேர்க்கோட்டில் அமரும்படி செய்கிறது.

ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா என்று வரிசையாக நிரப்பித் தரும் வேகப் பிரஸ்களும் உண்டு. அவை வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் சுடும் கைத்துப்பாக்கிப் பயிற்சியாளர்களுக்கு. ஒரு பருவத்தில் பயிற்சிக்கும் வேட்டைக்குமாக நூறு தோட்டா போதும் என்பவருக்கு, ஒரு நேரத்தில் ஒரு டை மட்டும் பிடிக்கும் ஓ-வடிவ வார்ப்பிரும்புப் பிரஸ்தான் நல்ல துணை. ஒவ்வொரு கூட்டையும் ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணால் பார்க்கவும் விரலால் தடவவும் அது நேரம் கொடுக்கிறது. பிரஸ்ஸே இல்லாமல், கழுத்து டையும் சுத்தியலும் கொண்டு வேலை முடிக்கும் கைக்கருவியும் இருக்கிறது. விஸ்கான்சினின் லீ நிறுவனம் அதை விற்கிறது. டைதான் உருவம் தருகிறது, பிரஸ் விசை மட்டும் தருகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

குண்டை அமர்த்தும் டை

கூட்டை நெருக்கிய பிறகு வேலைக்கு வரும் இரண்டாவது டை, குண்டைக் கழுத்துக்குள் தள்ளுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த டையின் தண்டு குண்டை எங்கே தொடுகிறது என்பது. ஈய முனையைத் தொட்டால் முனை நசுங்கும், ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு ஆழத்தில் அமரும். முனைக்குக் கீழே, குண்டு வளைந்து அகலும் தோளில் தொட வேண்டும்.

குண்டு எந்த ஆழத்தில் அமர்கிறது என்பது இப்போது இன்னும் முக்கியமாகிவிட்டது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை. வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் குடல் குவியலைத் தின்னும் காண்டர் கழுகுகள் ஈயத் துணுக்குகளால் நஞ்சேறிச் செத்துக்கொண்டிருந்ததே காரணம். பலர் முழுச் செம்புக் குண்டுக்கு மாறினார்கள். செம்பு ஈயத்தைவிட எடை குறைந்தது: கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், செம்பு 8.9 கிராம். ஒரே விட்டம், ஒரே எடை என்றால் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். ஆனால் துப்பாக்கியின் தோட்டாப்பெட்டி நீளம் மாறவில்லை; .308 தோட்டாவின் மொத்த நீளம் 2.810 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். கூடுதல் நீளம் கூட்டுக்குள் இறங்கி, மருந்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈயக் குண்டுக்கு அச்சிட்ட மருந்தளவைச் செம்புக் குண்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கையேடுகள் வலியுறுத்துவது இதனால்தான். மருந்தளவு விஷயத்தில் அந்தந்தக் குண்டுக்கென அச்சிட்ட கையேட்டைத் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது.

கூடு சொல்லும் சேதி

எவ்வளவு மென்மையாக நடத்தினாலும் கூட்டுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஊதலும் நெருக்கலும் கழுத்தை விறைக்கவைக்கும். ஒருநாள் வாயிலிருந்து கீழ்நோக்கி ஒரு மயிரிழைப் பிளவு தெரியும். கழுத்தை அவ்வப்போது சூட்டில் இளக்கினால் இது தள்ளிப்போகும். ஆனால் அடிப்பகுதியில் அந்தச் சூடு ஏறவே கூடாது. அடி இளகினால் 62,000 பவுண்டைத் தாங்க ஆளில்லை. அம்மோனியா கலந்த பளபளப்புத் திரவத்தால் கூடுகளைத் துடைக்கக் கூடாது என்பதும் லாயத்தில் கற்ற பாடம்தான்.

கழுத்துப் பிளவு கண்ணுக்குத் தெரியும், அடிவளையம் தெரியாது. அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, அதன் நுனியைச் சிறு கொக்கியாக வளைத்துக் கூர்படுத்த வேண்டும். அதைக் கூட்டுக்குள் விட்டு, அடியைத் தொட்டபின் சுவரோடு ஒட்டியபடி மெல்ல மேலே இழுக்க வேண்டும். நல்ல கூட்டில் நுனி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில், அடிக்குச் சற்று மேலே, ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கும். அந்தத் தடுக்கலை விரல் உணர்ந்ததும் கூட்டை நசுக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும், இன்னொரு முறை நிரப்பலாமா என்ற கேள்வியே கூடாது. பல கூடுகளில் அப்படித் தடுக்கினால் குறை கூடுகளில் இல்லை, டை மிகத் தாழ இறங்கியிருக்கிறது என்று பொருள்.

விரல் நுனிக்குத் தட்டுப்படும் அந்தப் பள்ளம், டையைச் சில பாகை கூடுதலாகத் திருகிய நாளின் பதிவு. மனிதர் அந்த நாளை மறந்திருக்கலாம். கூட்டின் உட்சுவரில் அது அப்படியே இருக்கிறது.